நிலமும் எழுத்தும்

மதுரையைச் சூழ்ந்த வயல்வெளிகளில் நாற்று நட்டும் களை பறித்தும் கூலி பெற்ற பெண்கள் எண்ணற்றோர். அவர்தம் பெண்மக்களும் அதே சேற்றில் இறங்குவதே அந்நாளைய வழக்கம். அவ்வழக்கத்தை மீறிப் பட்டம் பெற்றவர் கிருஷ்ணம்மாள் ஜகந்நாதன். அவரைப் போற்றுவோர் அவர் பிறர்க்குப் பெற்றுத்தந்த நிலத்தையே பேசுகின்றனர். அவர் பெற்ற கல்வியைப் பேசுவோர் சிலரே. இது முறையன்று.

அம்மையார் 1926ஆம் ஆண்டு, அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அய்யன்கோட்டையில், நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாய் கூலிவேலை செய்து மக்களைக் காத்தார். மருத்துவர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவால் மதுரையில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றார். 1950இல் ஜகந்நாதனை மணந்தார். கணவர் வடநாட்டில் வினோபாவுடன் ஊர் ஊராய் நடந்த காலத்தில், அம்மையார் சென்னையில் ஆசிரியப் பயிற்சியை முடித்தார். பாடநூலை அவர் இடையில் விடவில்லை!

கல்வித்துறையில் உழைத்த பெண்களை மறத்தல் பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் கருப்பினத்தவரான மேமி பிப்ஸ் கிளார்க் 1943இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் பட்டம் பெற்றார். அவரும் கணவரும் கருப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டி, ‘நல்ல பொம்மை எது?’ என வினவினர். கருப்பினக் குழந்தைகளுள் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். பிஞ்சு உள்ளத்திலே எத்துணை ஆழமான புண்! இவ்வாய்வுக்கு வித்திட்டது 1939இல் மேமி எழுதிய ஆய்வேடு. இனம் பிரித்து நடத்தும் பள்ளிகள் சட்டத்திற்கு முரணானவை என்று 1954இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம்பெற்றதோ கணவர் பெயரே.

கிருஷ்ணம்மாளின் பெயர் மறையவில்லை. 1989இல் பத்மஸ்ரீயும் 2020இல் பத்மபூஷணும் அவரைத் தேடி வந்தன. மறைந்தது அவரது பணியின் வேரே. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையான பின், கணவருடன் அவர் கீழ்த்தஞ்சைக்குச் சென்றார். 1981இல் இருவரும் லாப்டி இயக்கத்தைத் தொடங்கினர். நிலக்கிழாரோடு பேசி விலை முடித்தல், வங்கியில் கடன் பெறுதல், உழைக்கும் பெண்ணின் பெயரிலேயே பத்திரம் பதிதல் ஆகியன அதன் வழிகள். எழுத்தறியாதார்க்கு இவை எளிதில் கைகூடுமோ?

‘அவர் பள்ளி நடத்திப் புகழ் பெற்றவர் அல்லரே’ எனச் சிலர் கூறலாம். கூலிக்காரியின் மகள் பட்டதாரியாவதே அக்காலத்தில் ஊர் முழுமைக்கும் ஒரு பாடம் அன்றோ! அம்மையாரின் வரலாற்றை எழுதுவோர், ஏக்கர்க் கணக்கிற்கு முன்னே, மதுரையில் அவர் படித்துப் பெற்ற பட்டத்தை எழுதுதல் வேண்டும்.