கொள்ளுக்குத் திறக்கும் வாய்

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும். வேலைக்குப் பின்வாங்கிச் சாப்பாட்டுக்கு முந்தும் ஆளைக் குத்திக்காட்டச் சொன்ன பழமொழி இது. குதிரை பழக்கும் இடங்களில் இது குதிரையின் மீதே தீர்ப்பாகிவிட்டது: தீனி காட்டிப் பழக்கினால் குதிரை கெட்டுப்போகும். கொள்ளு விளையும் ஓசூர், தளிப் பக்கத்துக்குக் குதிரை அந்நியமல்ல. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இன்றிருக்கும் கால்நடைப் பண்ணை, 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது.

கையால் ஊட்டினால் கடிக்கப் பழகும் என்பது முதல் குற்றச்சாட்டு. பாதி சரி. பிரிட்டனில் ஹாக்கன்ஹல், கிரெய்டன் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கையால் தீனி வாங்கும் குதிரைகள் கையை நக்குவதும் உடையைத் துழாவுவதும் கூடுதலாகத் தெரிந்தது. கடிப்பதற்கும் ஊட்டுவதற்கும் தொடர்பு தென்படவில்லை. தீனி கொடுத்துப் பழக்குவதில் அந்தத் துழாவலை நிறுத்துவதுதான் முதல் பாடமே. பழக்குபவர் இடுப்புப் பையில் கொள்ளோடு வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பார். குதிரை மூக்கால் பையை இடிக்கும், உதட்டால் துணியை இழுக்கும். ஒன்றும் கிடைக்காது. சலித்துப்போய் முகத்தை அப்புறம் திருப்பும், அந்த நொடியில் பழக்குபவர் நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம். உடனே விரித்த உள்ளங்கையில் கொஞ்சம் கொள்ளு. பையை விட்டு விலகினால்தான் வரும் என்று குதிரை கண்டுகொள்ள அதிக நேரம் ஆகாது.

தீனி நின்றால் வேலையும் நிற்குமாம். பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் கரோல் சாங்கி குழு, ஒரு சொல்லுக்கு அசையாமல் நிற்க இளங்குதிரைகளைப் பழக்கியது. ஒரு பகுதிக்குத் தீனி உண்டு, மற்றதற்குக் கிடையாது. தீனி பெற்றவை விரைவாகக் கற்றன. எட்டு மாதம் கழித்தும் பாடம் மறக்கவில்லை. மனிதரைத் தேடியும் வந்தன.

சரி, கழுத்தைத் தடவிக்கொடுத்தால் போதாதா? அதே குழு அதையும் சோதித்து 2010-இல் எழுதியது. பிடரிக்குக் கீழே சொறிந்துவிட்டுப் பழக்கிய குதிரைகளைத் தீனி வாங்கியவை முந்திவிட்டன. தட்டிக்கொடுப்பதில் மகிழ்ச்சி பெரும்பாலும் தட்டுகிறவருக்குத்தான் போலிருக்கிறது.

தின்னும் குதிரைக்குத் தீனியில்தான் கண், ஆளைக் கவனிக்காது என்பவர்கள் பெர்லினின் ஹான்ஸை மறந்துவிடுகிறார்கள். நூறாண்டுக்கும் முன் குளம்பால் தட்டிக் கணக்குப் போட்ட குதிரை அது. விடை சரியானால் ரொட்டியோ கேரட்டோ கிடைக்கும். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார். கேட்பவரின் தலை மயிரிழை அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது. ஒரு துண்டு கேரட்டுக்காக மனிதரை இவ்வளவு கூர்ந்து பார்த்தது.

விளையாட்டு வேலைக்குச் சரி, முரண்டு பிடிக்கும் குதிரையிடம் பலிக்காது என்பதும் நிற்காது. குதிரைகளை ஏற்றிச்செல்லும் வண்டியில் ஏற மறுத்த ஐந்து பெண்குதிரைகளை அமெரிக்காவில் ஃபெர்குசன், ரொசாலெஸ்-ரூயிஸ் பழக்கிய விதம் 2001-இல் வெளியானது. முதலில் ஒரு பொருளை மூக்கால் தொட்டால் தீனி. பிறகு அந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வண்டிக்குள் நகர்ந்தது. ஐந்தும் ஏறின, அடியில்லாமல்.

தீனி எல்லாவற்றுக்கும் மாற்றல்ல. மிரண்டு ஓடும் குதிரை கொள்ளைத் திரும்பிப் பார்க்காது. கயிற்றை இழுத்தால் நிற்க அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். வெல்லம் அளவு மீறினால் குளம்பில் அழற்சி வரும். கேரட்டை வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில்தான் நறுக்க வேண்டும்.

பழமொழிக் குதிரைக்கு வருவோம். அது வாயை மூடுவது திமிரால்தான் என்று யார் பார்த்தார்கள்? கடைவாய்ப்பல் கூர்ந்து கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருக்கலாம், அவசரத்தில் இரும்பு பல்லில் மோதியிருக்கலாம். பல்லைப் பார்த்துச் சரிசெய்தபின், கடிவாள இரும்பில் வெல்லப்பாகு தடவி உதட்டருகே பிடித்தால், நக்குவதற்கு வாய் தானே திறக்கிறது.