அபிகேலும் நீலியும்: பேய்க்கதையைப் பாதியில் நிறுத்தலாமா?

தென்காசியில் பஸ் ஏறி காதில் ஹெட்போன் மாட்டினால், குற்றாலம் மெயினருவி வருவதற்குள் மூன்று பாட்டு கேட்டுவிடலாம். கிங் டயமண்டின் 'அபிகேல்' ஆல்பம் என்றால், அந்த மூன்று பாட்டில் குதிரை வண்டி இருண்ட பங்களாவுக்கு வந்து சேர்ந்திருக்கும். அவ்வளவுதான். பேய் இன்னும் வாயே திறக்கவில்லை! குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பும்போது ஷஃபிளில் வேறு ஏதோ ஓடும். கடைசியில் "கிடார் சூப்பர் மாப்ள, கதைதான் ஒண்ணும் புரியல" என்பார்கள். எப்படிப் புரியும்?

ஹெவி மெட்டலில் பேய்க்கதை சொன்ன கான்செப்ட் ஆல்பம் என்றால் ரசிகர்கள் முதலில் சொல்வது 1987-ல் வந்த இந்த 'அபிகேல்'தான். பாடியவர் டென்மார்க்காரர். ஒன்பது பாட்டு, சுமார் 40 நிமிஷம், ஒரே கதை. எடுத்த எடுப்பிலேயே ஒரு குழந்தையின் சவ அடக்கம். மறுபடி எழுந்து தீங்கு செய்துவிடக் கூடாதென்று அந்தச் சின்ன உடம்பில் ஏழு வெள்ளி ஆணி அடிக்கிறார்கள். அடுத்த பாட்டில் வருஷம் 1845. பரம்பரைச் சொத்தாகக் கிடைத்த பங்களாவுக்கு இளம் தம்பதி வருகிறார்கள். வழியில் குதிரைக்காரர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. ஐந்தாவது பாட்டில்தான் 1777 ஜூலை 7-ம் தேதி நடந்தது தெரியும்: மனைவியின் வயிற்றிலிருப்பது தன் பிள்ளையில்லை என்று அறிந்த பிரபு, அவளை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொல்கிறான். முதல் பாட்டில் புதைத்த குழந்தை அதுதான். முதுகு சில்லிடுவது அங்கேதான். ஐந்தாவது பாட்டை மட்டும் தனியாகக் கேட்டால் ஒரு இழவும் சில்லிடாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்தால், நம்ம ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைக்கு ஒரு ராத்திரி போய் உட்கார வேண்டும். (வில்லு ஆரம்பித்ததும் புரோட்டா சாப்பிடக் கிளம்புகிறவர்களைத்தான் சொல்வது.) வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. ஆம்ப்ளிஃபயர் மைக்குக்கு மட்டும். அண்ணாவி நீலி கதையை எடுக்கிறார்.

ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் கதை இதுதான். நம்பி வந்த தாசியை, தூங்கும்போதே தலையில் கல்லைப் போட்டுக் கொன்று நகையோடு ஓடுகிறான் ஒருவன். பார்த்த சாட்சி ஒரு கள்ளிச்செடி. அடுத்த பிறவியில் அவன் வியாபாரி, அவள் நீலி. கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர்தான் என் புருஷன், சேர்த்துவையுங்கள்" என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். அவன் அலறுகிறான். யாரும் நம்பவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று 70 வேளாளர் வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். விடிந்தால் பிணம். சொன்னபடி எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

கொலையுண்ட பெண், சொத்து, பிள்ளை, திரும்பி வந்து தீர்க்கும் பழி... கோபன்ஹேகனுக்கும் தென்காசிக்கும் எவ்வளவு தூரம்! கிங் டயமண்ட் கீச்சுக்குரலும் அடித்தொண்டையுமாக எல்லாப் பாத்திரத்தையும் தானே பாடுகிறார். அண்ணாவியும் நீலிக்கு ஒரு குரல், வியாபாரிக்கு ஒரு குரல் வைத்திருக்கிறார். ஆனால் ஒரு விஷயத்தில் வில்லு பல மடங்கு மேலே. அபிகேல் முடிந்தால் ஹெட்போனைக் கழற்றிவிடலாம். இங்கே கதையில் வந்தவள் பத்தடி தள்ளி சாமியாக நிற்கிறாள். கொலைக்கட்டம் நெருங்க உடுக்கை வேகம் பிடிக்கும், ஒருவருக்கு அருள் வந்துவிடும். எந்த மெட்டல் கச்சேரியில் இது நடக்கும்? (மகன் அறையில் மெட்டல் ஓடினால் "என்னடா பேய்ப்பாட்டு" என்று திட்டுகிற அப்பாதான் இங்கே முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பார்!)

இப்போது பல கொடைகளில் வில்லுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி. திருவிழாவுக்கென்று அரசு விலக்குக் கொடுத்தாலும் நள்ளிரவோடு சரி. தூங்க வேண்டிய நோயாளி, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் இருக்கிற நேரத்தில் நல்ல பாதியை மெல்லிசைக் கச்சேரிக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் நீலியைச் சுருக்கச் சொல்வதில் என்ன நியாயம்? முன்பிறவிக் கொலையைப் பாடாமல் நேராக ஊர்ச்சபைக்கு வந்தால், நீலி வெறும் பொய்க்காரி ஆகிவிடுகிறாள். அவள் பக்கத்து நியாயமே போச்சு. அபிகேலை ஐந்தாவது பாட்டில்லாமல் கேட்பதும் இதுவும் ஒன்றுதான்.

நேரமில்லை என்றால் சின்னக் கதையாக ஒன்றை முழுசாகப் பாடச் சொல்லலாமே. இல்லை, சாயங்காலம் ஆறு மணிக்கே வில்லை ஏற்றிவிட்டு, சினிமாப் பாட்டைக் கடைசியில் வைக்கலாம். பாதியில் மைக்கை அணைத்தாலும் சினிமாப் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. நீலி பிள்ளையோடு சபையில் நிற்கும்போது அணைத்தால், அந்த வியாபாரி தப்பித்தான்!