குப்பை என்று கூற இவர்கள் யார்?

நிர்வாகத்திடம் ஒப்படைத்துக் கிடங்கில் வைத்த தகரப் பெட்டியைக் காணோம். கேட்டால், "குப்பை, அகற்றிவிட்டோம்" என்கிறார்கள். பெட்டிக்குள் இருந்தவை மகளின் பள்ளிச் சான்றிதழ், தாயின் பித்தளைக் குடம். குப்பையா இவை?

வாடகை பாக்கி என்றால் வழக்குமன்றம் செல்லட்டும். 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்போரை வெளியேற்ற நீதிமன்ற ஆணை வேண்டும் என்கிறது. ஒப்படைத்த பொருளை, அறிவுள்ளவன் தன் பொருளைக் காப்பதுபோல் காத்திடல் வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-ஆம் பிரிவில் பணிக்கிறது. சட்டம் உண்டு, கேட்பார்தாம் இல்லை!

தோழர்களே, தெருத்தோறும் சொல்லுங்கள்: பொருள்களுக்குப் பட்டியல் எழுதுக, கையொப்பமிட்ட சீட்டுப் பெறுக, இழந்தால் எழுத்தில் முறையிடுக. ஏழையின் பெட்டி சிறிது. அவன் உரிமை சிறிதன்று!