ஓடின் வைத்த தேர்வு

மார்வெல் காமிக்ஸில் 1962இல் தோர் பூமிக்கு வந்தான். இடியின் தெய்வம், அமெரிக்காவில் கால் தாங்கி நடக்கிற டாக்டர் டொனால்ட் பிளேக்காக நோயாளிகளைப் பார்த்தான். கைத்தடியைத் தரையில் தட்டினால் அது சுத்தியலாகும், டாக்டர் தெய்வமாவார். திமிர் அடங்கத் தந்தை ஓடின் விதித்த வாழ்க்கை இது என்று 1968இல் கதையே சொன்னது. (ஊனம் என்றால் தண்டனை! அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும்.)

அதே கிளினிக்கில் அதே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் ஜேனுக்கு இந்தப் பாடம் தேவைப்படவில்லை. அவளுக்கு அது பிழைப்பு. முதலில் ஜேன் நெல்சன் என்றார்கள், பிறகு ஜேன் ஃபாஸ்டர் ஆக்கினார்கள். தோரின் பெயரில் இப்படிக் கைமறதி நேரவில்லை.

1967 ஜனவரி இதழில் அவள் மேலுலகம் போகிறாள். ஓடின் தெய்வசக்தி தருகிறார். பழகுவதற்குள் ஒரு கொடிய உருவத்தின் முன்னால் நிறுத்துகிறார். அவள் பயந்துவிடுகிறாள். அத்துடன் சக்தி பறிபோகிறது. நினைவை அழித்துப் பூமிக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவளுக்கு வேறொரு டாக்டர் தயார். தோருக்கு அதே இதழில் போர்வீராங்கனை சிஃப். மனிதனாகப் பழகத் தெய்வத்துக்கு வருஷக்கணக்கில் அவகாசம். தெய்வமாகப் பழகப் பெண்ணுக்குச் சில பக்கங்கள். எழுதிய ஸ்டான் லீயும் வரைந்த ஜாக் கிர்பியும் மேதைகள்தான், யார் இல்லையென்றது?

2014இல் ஜேசன் ஆரன் எழுத, ரஸ்ஸல் டாட்டர்மேன் வரைய, சுத்தியல் ஒரு பெண்ணின் கைக்கு வந்தது. அவள் ஜேன் என்று மறு வருஷம் தெரிந்தது. இப்போது அவளும் டாக்டர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவள். தோராக மாறும்போதெல்லாம் கீமோ மருந்தை விஷமென்று உடம்பு வெளியேற்றிவிடும். கட்டி மட்டும் இருக்கும். என் மாணவிகள் இதைத் தியாகம் என்று கொண்டாடினார்கள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். பிளேக் தெய்வமாகித் திரும்பினால் பழைய கைத்தடி, அவ்வளவுதான். ஜேன் திரும்பும் ஒவ்வொரு முறையும் சாவு ஓரடி நெருங்குகிறது. உயிரைப் பணயம் வைக்காத பெண்ணிடம் சுத்தியலைக் கொடுக்க ஏன் இவர்களுக்கு மனம் வரவில்லை?

2018இல் அவள் போரில் இறக்கிறாள். ஓடினும் தோரும் உயிர்ப்பிக்கிறார்கள். சுத்தியல் போய்விட்டது. அவள் கீமோவுக்குத் திரும்புகிறாள். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் அது.