ஆள் ஆறு, பெயர் ஒன்று

சென்ற திங்கள் மறையூரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். நண்பர் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுபவர். பாட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம். மாலையில் அவர் மகன் கணிப்பொறியின் முன் ஏதோ விளையாட்டில் ஆழ்ந்திருந்தான். திடீரென்று, "ஐயோ, போய்விட்டாளே!" என்று கூவினான். போனது யார் என்று விசாரித்தோம். அவன் கூட்டத்தில் இருந்த வீராங்கனை ஒருத்தி, அவன் செய்த கொலையைப் பொறுக்க மாட்டாமல் விலகிப் போய்விட்டாளாம்!

விளையாட்டின் பெயர் 'பால்டர்ஸ் கேட்'. கனடா நாட்டார் உருவாக்கி, 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆறு பேர் வரை ஒரு கூட்டமாகச் சேர்ந்து நாடெங்கும் சுற்றுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் முன்னதாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என்பது ஒரு வரிசை. நன்மை, நடுநிலை, தீமை என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் மாந்தர் ஒன்பது வகை. 1974-இல் அமெரிக்காவில் தோன்றிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில் முதல் வரிசை மட்டும் இருந்தது; மற்றது பின்னால் சேர்ந்தது. மனிதரை ஒன்பது பெட்டிகளில் அடைத்துவிடலாம் என்பது நமக்கு அவ்வளவாக உவப்பில்லை. அது கிடக்கட்டும்.

நம்மைச் சிந்திக்க வைத்தது வேறு. குணம் ஆளுக்கு ஒன்று. நற்பெயரோ ஆறு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். 1 முதல் 20 வரை அதற்கு எண் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவன் குற்றமற்றவனைக் கொன்றால் எண் சரிகிறது. வாளையே தொடாதவனும் அதன்பின் கடையில் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். எண் மிகவும் தாழ்ந்தால் காவலர் எல்லோர் மீதும் பாய்கிறார்கள். நல்லவர்கள் கூட்டத்தை விட்டு விலகுகிறார்கள். மிகவும் உயர்ந்தாலோ தீயவர்கள் முணுமுணுத்து விலகுகிறார்கள்! இதை அமைத்தவர்கள் உலகம் அறிந்தவர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

கேட்டுக்கொண்டிருந்த நண்பர், "இது எங்கள் கதையாயிற்றே, ஐயா" என்றார்.

மறையூர் வெல்லம் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயர் தனி ஒருவர் உடைமையன்று; அங்கே கரும்பு நட்டுக் கொப்பரையில் காய்ச்சி உருண்டை பிடிக்கும் எல்லோருக்கும் பொது. மற்ற இடத்து மட்டமான சரக்கு இப்பெயரால் சந்தையில் விற்கப்படுகிறது என்பது அவர்களுடைய நெடுநாளைய மனக்குறை. ஏமாற்றுகிறவன் யாரோ, விலை இழப்பவர்கள் இவர்கள்.

பிழைப்புத் தேடி வந்த இடத்தில் வாழும் நம் இல்லங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிய ஒருவன் இரவோடு இரவாக ஓடிவிட்டால், மறுநாள் வேலை கேட்டு வருகிற பத்துப் பேரையும் முதலாளி அவன் கண்கொண்டுதான் பார்க்கிறார். அவன் பெயர் அவருக்கு மறந்துபோகும்; "தமிழன்" என்பது மட்டும் மறக்காது. இது அநீதி. ஆனால் நாமும் அடுத்து வந்து குடியேறுகிறவர்களை இப்படித்தானே எடை போடுகிறோம்?

விளையாட்டில் மற்றொன்றும் கண்டோம். கெட்ட பெயரைக் கோயிலில் பொன் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்! இதைவிடக் கண்டிப்பானது, 1985-இல் ரிச்சர்டு காரியட் என்பவர் ஆக்கிய 'அல்டிமா' விளையாட்டின் நான்காம் பகுதி. நம் நாட்டு 'அவதாரம்' என்னும் சொல்லையே தலைப்பில் ஏற்றது அது. அதில் பார்வையற்ற பெண்மணி ஒருத்தி மூலிகை விற்கிறாள். காசை நாமே எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவள் அறியமாட்டாள். சுற்றிலும் எவரும் காண்பதில்லை. ஆயினும் வாய்மை என்னும் கணக்கில் அது மறைவாகக் கழிக்கப்படுகிறது. கணக்கு எப்படி நிற்கிறது என்பதை அரசன் மாளிகையில் உள்ள ஞானி ஒருவரிடம் போய்க் கேட்டால்தான் தெரியும். முன்னது ஊர் வாய்க்கு அஞ்சும் விளையாட்டு, இது அப்படியன்று. பிள்ளைகளுக்கு எதை வாங்கித் தருவீர்கள் என்று நம்மைக் கேட்டால், பழையதைத்தான் சொல்வோம்.

பையனிடம், விலகிப் போனவளை எப்படித் திரும்ப அழைப்பாய் என்று வினவினோம். "அழைக்க வேண்டியதில்லை மாமா, கொலைக்கு முன்னால் சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கலாம்" என்றான். அப்படியே தொடங்கினான். அவளும் ஒன்றும் அறியாதவள் போல் அவன் பக்கத்தில் நின்றாள்.

நண்பர் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொப்பரைக்குத் தீ ஏற்றும் நேரமாகிவிட்டது என்று எழுந்து வெளியே போனார்.