அணையா அடுப்பும் ஆறாத உள்ளமும்

வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றளவும் எரிகிறது. பசி என்று வந்து நிற்பவனை அந்தத் தருமச்சாலையில் ‘எந்தச் சாதி?’ என்று கேட்பாரில்லை, ‘சான்றிதழ் எங்கே?’ என்று மடக்குவாருமில்லை. இலை விரிகிறது, சோறு விழுகிறது. வயிற்றுப் பசிக்கு வழி கண்ட அந்த மண்ணில், உள்ளம் நொந்து நிற்கும் இளைஞனுக்கு என்ன வழி கண்டிருக்கிறோம் நாம்?

வடலூருக்குக் கிழக்கே, கிள்ளையிலும் பிச்சாவரத்திலும் இருளர் வாழ்கின்றனர். கழிமுக நீரில் அமிழ்ந்து நின்று, வலையின்றி வெறுங்கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கும் உழைப்பாளிகள். தமிழகத்தில் இருளர் ஏறத்தாழ 1,90,000 பேர் என்றது 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. ‘நாங்கள் பழங்குடியினர்’ என்று மெய்ப்பிக்கவே அலுவலக வாயில்களில் தவங்கிடந்தவர்கள் அவர்கள். சான்றிதழ் இல்லையேல் உதவித்தொகை இல்லை, உயர்கல்வி இல்லை. ‘நீ யாரென்றே எமக்குத் தெரியாது’ என்று ஆட்சியே கூறிவிட்டால், பதினேழு வயதுப் பிள்ளையின் நெஞ்சம் என்ன பாடுபடும்! இத்துடன் அச்சமும் சேர்கிறது. இன்றைய கடலூர் மாவட்டத்து முதனையைச் சேர்ந்த குறவர் ஒருவர், திருட்டுப் பழி சுமத்தப்பட்டு 1993-இல் காவலில் கொல்லப்பட்டார். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்ததோ 2006-இல். அத்தகைய கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளை, காக்கிச் சட்டையைக் கண்டதும் நடுங்காதா?

‘கைப்பேசியிலே மருந்து இருக்கிறதே’ என்பர் சிலர். இருக்கிறது, மறுக்கவில்லை. 14416 என்ற எண்ணை அழைத்தால் பகலும் இரவும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆறுதலும் அறிவுரையும் கூறும் ‘டெலி மானஸ்’ சேவை 2022 அக்டோபரில் தொடங்கிற்று. 2024-இல் அதற்கெனச் செயலியும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால், கைப்பேசியை வீட்டில் மூவர் பகிர்ந்துகொள்ளும் குடிசையில், பிறர் காதில் விழாமல் அழுவதற்குக்கூட இடமில்லாத பிள்ளை அதை எப்படி நாடுவான்?

உலகம் கண்ட பாடத்தைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்து ஆதிகுடி இளைஞர்க்கென ‘ஐபாப்லி’ என்னும் செயலியைச் செய்தனர். அம்மக்களின் குரலையும் ஓவியத்தையும் அதில் சேர்த்தனர். 61 பேரிடம் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். சோர்வும் மன உளைச்சலும் குறைந்தன. ஆயினும் தற்கொலை எண்ணத்தில், செயலி பெற்றவர்க்கும் அதற்காகக் காத்திருந்தவர்க்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. செயலி துணை செய்யும்; தனித்து நின்று காக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அண்டை மாநிலமாம் ஆந்திரத்திற்கு வாருங்கள். மேற்குக் கோதாவரி மாவட்டப் பழங்குடிச் சிற்றூர்களில், ஊரறிந்த ஆஷா பணிப்பெண்களின் கையில் கைக்கணினியைக் கொடுத்தனர். அவர்கள் வீடு வீடாகச் சென்றனர், கேட்டனர், மருத்துவரிடம் அனுப்பினர். மனநலச் சேவையை நாடியோர் 0.8 விழுக்காட்டிலிருந்து 12.6 விழுக்காடாக உயர்ந்தனர். கருவியோடு, கதவைத் தட்டும் கையும் சேர்ந்ததன் பயன் அது!

ஆகவே கேட்கிறோம். 2021 முதல் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இருளர் குடியிருப்பில் மனத்தின் சுமையையும் கேட்கட்டும். அப்பணியில் இருளர் இளைஞரும் இளம்பெண்களும் அமர்த்தப்படட்டும். செயலி அவர்கள் பேச்சில் பேசட்டும். அலைவரிசை இல்லா இடத்திலும் இயங்கட்டும். நொந்தவன் சொன்ன சொல், காவல் நிலையத்திற்கோ கடைக்காரனுக்கோ போகாதென்ற உறுதி இருக்கட்டும். அனைத்திற்கும் மேலாக, சான்றிதழ் காலங்கடத்தாமல் கிடைக்கட்டும். மனநோவின் வேரை விட்டுவிட்டு இலைக்கு மருந்து தெளிப்பது மருத்துவமாகாது.

‘சோற்றுக்கே போராடும் மக்களுக்கு மனநலமா?’ என்று நம் தோழர்களிலேயே சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்வோம்: நம்பிக்கை இழந்தவன் சங்கத்திற்கு வரமாட்டான், மனுக்கொடுக்கவும் வரமாட்டான். அவன் உள்ளம் எழுந்தாலன்றி உரிமைப் போர் எழாது.

எனவே கிளைத் தோழர்களே! அடுத்த ஞாயிறு கொடியோடு மட்டும் போகாதீர்கள். 14416 என்ற எண்ணைக் குடிசைதோறும் எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் மனுவை உடனிருந்து நிரப்புங்கள். யாரேனும் வாழப் பிடிக்கவில்லை என்றால், அவரைத் தனியே விடாதீர்கள். அருகிருந்தே அந்த எண்ணை அழையுங்கள், மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அதற்கு முன், பாயில் அமர்ந்து, அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

வடலூர் அடுப்பு தானாக எரியவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, நாள்தோறும் யாரோ ஒருவர் விறகு இடுகிறார். அந்த ஒருவராக நாம் இருப்போம்.