காற்று தன் போக்கில் வரட்டும்



ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று முழுவீச்சில் இருக்கிறது. முப்பந்தல் வழியாகப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது காற்றாலையின் இறக்கைகளைத்தான். இந்த இதழின் அட்டைக் கட்டுரை, அதே கோபுரத்துக்குள் இரும்பு அலமாரியில் இருக்கும் கன்வெர்ட்டரைப் பற்றியது.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. நாடு முழுவதற்கும் அதுவே தாளம். பெரிய காற்றாலையின் இறக்கையோ நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுதான் சுற்றும். கியர் பாக்ஸ் வைத்து வேகத்தைக் கூட்டுவது பழைய வழி. அது பழுதானால் கிரேன் வரவேண்டும். நல்ல காற்று வீசும் நாட்களில் ஆலை சும்மா நிற்கும். ஜெர்மனியில் அலாய்ஸ் வோபன் தொடங்கிய எனர்கான் நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் 500 கிலோவாட் திறனுள்ள இ-40 ஆலையைக் கியரே இல்லாமல் கொண்டுவந்தது. இறக்கையோடு சேர்ந்து மெதுவாகச் சுற்றும் பெரிய வளைய ஜெனரேட்டர் அதில் இருந்தது.

நிமிடத்துக்கு 15 சுற்றில் நேரடியாக 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஜெனரேட்டருக்கு 400 காந்த முனைகள் தேவை. அத்தனையும் வைத்தாலும் காற்று ஏறி இறங்கும்போது தாளம் தப்பிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பது கன்வெர்ட்டர். வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி மின்தேக்கிகளில் நிறுத்துகிறது. பிறகு ஐ.ஜி.பி.டி. என்னும் குறைக்கடத்திச் சுவிட்சுகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, அதைச் சீரான 50 ஹெர்ட்ஸ் அலையாக்கி அனுப்புகின்றன. மழை எப்படிப் பெய்தாலும் ஏரி வாங்கிக்கொள்ள, மதகு வயலுக்கு அளந்து விடுவதைப் போன்ற ஏற்பாடு இது.

மின்தொகுப்பில் எங்கோ பழுதாகி மின்னழுத்தம் சட்டென்று சரிந்தால், பழைய காற்றாலைகள் பல தொடர்பை அறுத்துக்கொள்ளும். அதனால் சரிவு இன்னும் பெரிதாகும். கன்வெர்ட்டர் உள்ள ஆலையால் அந்தச் சில நொடிகள் தாக்குப்பிடித்து, மின்னழுத்தம் மீளவும் கைகொடுக்க முடியும்.

ஆனால், கியர் இல்லாத ஆலையில் உண்டாகும் மின்சாரம் முழுவதும் கன்வெர்ட்டர் என்ற இந்த ஒரு வழியாகத்தான் வெளியேற வேண்டும். காற்று மாறும்போதெல்லாம் சுவிட்சுகள் சூடாகிக் குளிர்கின்றன. அதில் அவற்றின் இணைப்புகள் மெல்ல நைந்துபோகின்றன. கடலோர ஈரமும் உப்பும் தம் பங்குக்கு அரிக்கின்றன. கியர் பழுதுக்கு முடிவு கட்டினோம். மின்னணுப் பழுதைக் கவனிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்திருக்கிறது.

அந்தப் பொறுப்பை ஏற்கும் கைகள் நம் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் உருவாக வேண்டும் என்பது என் ஆசை. பழைய கன்வெர்ட்டர் ஒன்றையாவது பட்டறைக்குக் கொண்டுவந்து, பிரித்துக் காட்டி, பழுது கண்டுபிடிக்கப் பழக்க வேண்டும். காற்றாலைகளைக் கண்முன்னே பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, அவற்றைச் செப்பனிடும் வேலையும் சொந்த ஊரிலேயே கிடைக்கட்டும்.

இந்தத் துறையில் வேலை செய்பவர்களும் இதைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் தங்கள் அனுபவங்களை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த தலைமுறை படித்துப் பயன்பெற, அவற்றை இந்தப் பக்கங்களில் வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்